காய்ப்பு இல்லாத மாதத்தில் ஓர் ஏலத் தோட்டம்

கோடை விடுமுறை பிறந்ததும் குடும்பத்தோடு மலையேற விரும்புவோர் மூணாறு, தேக்கடி, கொடைக்கானல் என்னும் மூன்று பெயர்களுக்குள்ளேயே சுற்றி வருகின்றனர். படகுக்கு ஒரு வரிசை, வண்டி நிறுத்த ஒரு வரிசை, உணவுக்கு ஒரு வரிசை என்று நாள் கழிந்துவிடுகிறது. சென்ற சித்திரையில் நாங்கள் வேறொரு வழியைத் தேர்ந்தோம். கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கு ஏறி, ஏலமலையில் உள்ள ஒரு பழைய தோட்ட வீட்டில் இரண்டு நாள் தங்கினோம். அந்த வீட்டையும், அதனைச் சூழ்ந்த தோட்டத்தையும், இளவேனிலில் அங்கே காணக் கிடைப்பவற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது. வீட்டார் விளம்பரத்தை விரும்பாதவர்கள். ஆகவே அவர்கள் பெயரையும் வீட்டின் பெயரையும் குறிப்பிடவில்லை. ஆயினும் அப்பகுதியில் இத்தகைய வீடுகள் பல உள்ளன. அவற்றுட் சில விருந்தினருக்கு அறை தருகின்றன.

ஏலத் தோட்டத்தைக் காணச் செல்வோருக்குப் பொதுவாகக் கூறப்படும் அறிவுரை, ஆவணி புரட்டாசியில் செல்லுங்கள் என்பதே. காய் பறிக்கும் காலம் அது. என் தாயார் இதனை ஏற்கவில்லை. “காய் இருக்கும்போது போனால் காயைத்தான் பார்ப்பீர்கள், சித்திரையில் போனால் தோட்டத்தைப் பார்க்கலாம்” என்றார். அவர் சொல்லுக்கு மறுப்பில்லை; ஏனெனில் அவர் மணமான புதிதில், பன்னிரண்டு ஆண்டுகள், அதே மலையில் காய் எடுத்தவர். விடியுமுன் கம்பத்தில் ஜீப்பில் ஏறி, மாலையில் இறங்கி வந்தவர். நாங்கள் தங்கிய தோட்டமும் அவர் வேலை செய்த தோட்டங்களுள் ஒன்று.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மேற்கே பார்த்தால் சுவர் போல நிற்கும் மலையின் விளிம்பில் கம்பம்மெட்டு அமைந்துள்ளது. மலைத்தொடரைக் கடக்கும் வாயிலை இப்பக்கத்தார் மெட்டு என்பர். போடிமெட்டும் அவ்வாறு பெயர் பெற்றதே. ஊசி வளைவுகள் நிறைந்த மலைப்பாதை ஏறி முடிந்ததும் சோதனைச்சாவடி. அதற்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம், உடும்பன்சோலை வட்டம். எல்லைக் கோட்டின் இருபுறமும் தேநீர்க் கடைகள், இருபுறமும் இரண்டு மொழிகள். இறங்கி நின்று கிழக்கே நோக்கினால், கீழே பள்ளத்தாக்கு பச்சைப் பாய் விரித்தாற்போல் கிடக்கும். அந்தப் பச்சைக்குக் காரணம், 1895ஆம் ஆண்டில் பயன்பாட்டுக்கு வந்த முல்லைப் பெரியாறு அணையின் நீர். நெல் வயல்களுக்கு இடையே பந்தல் பந்தலாகத் தெரிபவை பன்னீர் திராட்சைத் தோட்டங்கள். 2023ஆம் ஆண்டில் கம்பம் பன்னீர் திராட்சை புவிசார் குறியீடு பெற்றது. கீழே வெயில் சுடும். மேலே சாவடியைத் தாண்டி இரண்டு வளைவு சென்றதும் காற்றின் குணமே மாறிவிடும். மரநிழல் தொடங்குகிறது.

இந்த மலைக்கு ஏலமலை என்று பெயர் வந்தது பிற்காலத்தில் அன்று. ஏலச்செடி இக்காடுகளில் தானாகவே விளைந்தது. திருவிதாங்கூர் அரசு ஏலக்காயைத் தன் ஏகபோகச் சரக்காக வைத்திருந்தது. விளைந்ததை அரசிடமே ஒப்படைக்க வேண்டும். ஏலமலைக்கென்று ஒரு தனிக் கண்காணிப்பாளர் இருந்தார். 1877இல் பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்குப் பெற்று மூணாற்றின் தேயிலை வரலாற்றைத் தொடங்கிவைத்த ஜான் டேனியல் மன்றோ, அப்பதவியை வகித்தவரே. சேகரித்த காய் ஆலப்புழைக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கே விற்கப்பட்டது. உலகச் சந்தையில் நம் ஏலக்காய் இன்றும் ‘ஆலப்புழைப் பச்சை’ என்று அழைக்கப்படுவது அதனாற்றான். ஆலப்புழைக் கடற்கரையில் ஏலச்செடி ஒன்றும் விளைவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஏகபோகம் நீங்கியது. நிலத்திற்கு வரி விதிக்கும் முறை வந்தது. 1897இல் இம்மலைகள் ஏலமலைக் காப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டன. மரம் அரசுக்கு, மரத்தடியில் விளையும் ஏலம் பயிரிடுவோருக்கு என்பதே இந்த ஏற்பாட்டின் சாரம். அப்பகுதி காடா, வருவாய் நிலமா, அதன் பரப்பு எவ்வளவு என்னும் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. தோட்டம் வாங்க எண்ணுவோர் பத்திரத்தை வழக்கறிஞரிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்கலாகாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுவதில்லை.

பயிரிட வந்தவர்களுட் பெரும்பாலோர் போடிநாயக்கனூர், கம்பம், உத்தமபாளையம் பக்கத்துத் தமிழர். பள்ளத்தாக்கில் குடியிருப்பு, மலையில் தோட்டம் என்பது அவர்கள் வாழ்க்கை முறை. 1956 நவம்பர் முதல் நாளில் மாநிலங்கள் மொழிவழியாகப் பிரிக்கப்பட்டபோது, வீடு ஒரு மாநிலத்திலும் தோட்டம் மற்றொரு மாநிலத்திலுமாக அமைந்த குடும்பங்கள் பல. எங்களுக்கு இடம் கொடுத்த குடும்பமும் அத்தகையதே.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆங்கிலேயர் கட்டிய மலை மாளிகையை எதிர்பார்த்துச் செல்வோர் ஏமாறுவர். தேக்கடி ஏரிக்கரையில் திருவிதாங்கூர் மன்னருக்கென எழுந்து, இன்று விடுதியாகியுள்ள எடப்பாளையம் மாளிகையின் அழகு இதற்கு இல்லை. கருங்கல் அடித்தளம், சுண்ணாம்பு பூசிய தடித்த சுவர், முன்னே நீண்ட தாழ்வாரம், மேலே தகரக் கூரை. மழை பெய்தால் உள்ளே ஒருவர் பேசுவது மற்றொருவர் காதில் விழாது. அறைகள் நான்கு. ஒன்றில் கணப்பு. ஒன்று கணக்கறை, அதன் சன்னல் வெளியே திறக்கும், சனிக்கிழமைதோறும் கூலி அதன் வழியாகவே கொடுக்கப்பட்டது. தாழ்வாரத்தின் ஓரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்குகிறது. அதனை அடித்தால் வேலை தொடங்கும். மீண்டும் அடித்தால் முடியும். எங்கள் மகன் அதனை ஒரு நாளில் எத்தனை முறை அடித்தான் என்பதற்குக் கணக்கில்லை. வீட்டார் பொறுமையுடையோர்.

இந்த வீட்டின் முதன்மையான கட்டடம் வீடே அன்று. இருபதடி தள்ளிப் பின்னால் நிற்கும் உலர்கூடம். அதனை யாரும் உலர்கூடம் என்று சொல்வதில்லை. மலை முழுவதும் அதற்குப் பெயர் ‘ஸ்டோர்’. தோட்டத்தில் முதலில் எழும்புவது ஸ்டோர். அதில் வருவாய் கண்ட பிறகே குடியிருக்க வீடு. எங்கள் வீட்டாரின் பாட்டனாரும் முதல் மூன்று பருவம் ஸ்டோரின் திண்ணையிலேயே படுத்தாராம்.

அதன் அமைப்பு எளிது. கெட்டியான சுவருடைய, சன்னல் குறைந்த ஓர் அறை. வெளியே ஓர் அடுப்பு வாய். அதில் விறகு எரிக்கும்போது எழும் வெப்பமும் புகையும் ஒரு பெரிய இரும்புக் குழாயில் புகுந்து, அறைக்குள் தரையை ஒட்டி வளைந்து சென்று, மறுபுறம் புகைபோக்கி வழியே வெளியேறும். புகை காயைத் தீண்டுவதில்லை. குழாயின் சூடு மட்டுமே தீண்டுகிறது. குழாய்க்கு மேலே அடுக்கடுக்காகக் கம்பி வலைத் தட்டுகள். ஈரக்காற்று வெளியேறக் கூரையை ஒட்டித் திறப்புகள். அறைக்குள் சுமார் 50 பாகை செல்சியஸ் வெப்பம் நிலையாக இருக்க வேண்டும். கூடினால் தோல் வெடித்து நிறம் வெளுக்கும். குறைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு நாள் ஓர் இரவு, சில வேளை அதற்கும் மேலாக, இவ்வெப்பத்தில் கிடந்தால் பச்சைக் காயில் முக்கால் பங்கிற்கும் மேலாக இருந்த நீர் பத்தில் ஒரு பங்காகக் குறையும். ஐந்து கிலோ பச்சைக் காய் உள்ளே சென்றால் ஏறத்தாழ ஒரு கிலோ வெளியே வரும். உலர்த்துமுன் சலவைச் சோடா கரைத்த நீரில் பத்து நிமிடம் நனைத்தெடுப்பதும் உண்டு. பச்சை நிறம் நிலைப்பதற்காக. உலர்ந்ததைச் சூடு ஆறுமுன் கம்பி வலையில் தேய்த்துக் காம்பையும் பூக்காம்பின் மிச்சத்தையும் நீக்கி, பின் சல்லடையில் அளவு பிரிப்பர். எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்டது முதல் தரம்.

அறிவியல் இவ்வளவே. ஆயினும் இரவெல்லாம் அடுப்பைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அவர் கண்ணயர்ந்தால் ஒரு மாதப் பறிப்பின் நிறம் போய்விடும். தரம் என்பது நிறமும் எடையும்தான். ஒரு லிட்டர் அளவுப் பாத்திரத்தை நிரப்பி நிறுத்துப் பார்ப்பர். ‘ஆலப்புழைப் பச்சை’யின் உயர்ந்த தரத்திற்கு லிட்டருக்கு 435 கிராம் இருக்க வேண்டும் என்பது அரசின் தர விதி. காய் கண்ணுக்குப் பெரிதாக இருந்து உள்ளே விதை இளைத்திருந்தால் இந்தச் சோதனையில் அகப்பட்டுவிடும். கடையில் ஏலக்காய் வாங்கும்போது நாமும் இதனைக் கையால் செய்து பார்க்கலாம்: ஒரு பிடி அள்ளினால் கனக்க வேண்டும், குலுக்கினால் விதை கலகலவென ஒலிக்கக்கூடாது.

சித்திரையில் ஸ்டோர் காலியாக இருந்தது. தட்டுகள் சுவரில் சாத்தப்பட்டிருந்தன. குழாய் துருவேறிக் கிடந்தது. இருந்தும் கதவைத் திறந்ததும் மணம் எதிர்கொண்டது. எண்பது தொண்ணூறு பருவத்து மணம் சுவரில் ஊறியிருக்கிறது. என் மகள் உள்ளே நுழைந்து, “பாயசம் மாதிரி இருக்கிறது, அம்மாச்சி” என்றாள். அம்மா பதில் சொல்லாமல், ஸ்டோரின் வெளிச்சுவரில் உள்ள தண்ணீர்க் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தார். வந்து இறங்கியதிலிருந்து அவர் வீட்டின் முன்வாசல் வழியாக நுழையவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். வீட்டுக்கார அம்மையார் இருமுறை அழைத்த பிறகே தாழ்வாரத்தில் வந்து உட்கார்ந்தார். பன்னிரண்டு ஆண்டுகளில் கணக்கறைச் சன்னலை வெளியிலிருந்து மட்டுமே பார்த்தவர் அவர். அந்தச் சன்னல் வழியே வந்த கூலியிலிருந்துதான் என் பள்ளிக் கட்டணம் சென்றது.

மறுநாள் காலை ஏழு மணிக்கே தோட்டத்திற்குள் அழைத்துச் சென்றார்கள். ஏலச்செடி இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது. மண்ணுக்குள் கிழங்கு, அதிலிருந்து ஆளுயரத்திற்கு இரு மடங்கு வரை நிமிர்ந்து நிற்கும் தட்டைகள். இலையைக் கசக்கினாலும் மெல்லிய மணம் உண்டு. காயைத் தேடும் குழந்தைகள் எல்லோரும் மேலேயே பார்க்கின்றனர். காய் மேலே இல்லை. தட்டையின் அடியிலிருந்து, தரையை ஒட்டி, கயிறு போல நீளும் சரங்களில்தான் பூவும் காயும். ஆகவே காய் எடுப்பவர் நாள் முழுவதும் குனிந்தோ குந்தியோதான் இருக்க வேண்டும். என் தாயாரின் முதுகுவலிக்கு வயது காரணம் அன்று என்பதை என் பிள்ளைகள் அன்றுதான் அறிந்தனர்.

இளவேனிலில் இந்தச் சரங்கள் நீளத் தொடங்கியிருக்கும்; முதல் பூக்கள் அரும்பும். வெண்ணிறப் பூ, நடுவிதழில் ஊதா வரிகள். விடியற்காலையில் விரிந்து ஒரே நாளில் வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்திற்குள் தேனீ வந்தாக வேண்டும். வாராவிடில் அந்தப் பூவில் காய் இல்லை. அடுக்குத் தேனீ, மலைத்தேனீ, கொசுத் தேனீ என்னும் மூன்றும் வந்து செல்வதை எங்களுக்குக் காட்டினார்கள். பூச்சிமருந்தைக் காலையில் தெளித்தால் பூச்சியோடு விளைச்சலும் போய்விடும் என்பதால், பூக்காலத்தில் இத்தோட்டத்தில் முற்பகலில் தெளிப்பதில்லை. மலையில் எல்லோரும் இதனைக் கடைப்பிடிக்கின்றனர் என்று சொல்வதற்கில்லை. மருந்தின் எச்சம் மிகுதி என்று வெளிநாடுகள் நம் சரக்கைத் திருப்பிய காலமும் உண்டு.

பூ, காயாகி முற்ற ஏறத்தாழ நான்கு மாதம். சித்திரையில் பூத்தது ஆவணியில் பறிப்புக்கு வரும். அதாவது, பறிக்க ஒன்றுமில்லாத இம்மாதங்களில்தான் அவ்வாண்டின் வருவாய் முடிவாகிறது. இதனை நேரில் கண்ட பிறகே அம்மாவின் சொல் விளங்கியது. மார்கழி முதல் வைகாசி வரை மலையில் மழை அரிது. கோடை மழை இரண்டு மூன்று முறை வந்தால் சரம் பிழைக்கும். வாராவிடில் நீர் பாய்ச்ச வேண்டும். அதற்காக மலைச்சரிவில் குழி வெட்டி, அடியில் படுதா விரித்து, மழைநீரைத் தேக்கி வைத்திருக்கின்றனர். ஏலமலையெங்கும் இத்தகைய குளங்களைக் காணலாம். செடியின் அடியில் சருகு மூடாக்கு. மேலே பலாவும் சந்தன வேம்பும் பிற காட்டு மரங்களும் தரும் நிழல்.

நிழலைப் பற்றி மலையில் இன்று இரு கட்சிகள் உள்ளன. பழைய வகைச் செடிகள் அடர்ந்த நிழலில் மெல்ல வளர்ந்து குறைவாகக் காய்த்தன. கட்டப்பனையைச் சேர்ந்த உழவர் செபாஸ்டியன் ஜோசப், தம் தோட்டத்தில் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய ‘ஞள்ளானி’ என்னும் வகை 1990களில் மலை முழுவதும் பரவியது; விளைச்சல் பல மடங்கு உயர்ந்தது. ஆய்வுக்கூடத்தில் பிறவாமல் ஓர் உழவரின் கண்ணில் பிறந்த வகை என்பது அதன் பெருமை. ஆனால் அது வெளிச்சத்தையும் உரத்தையும் நீரையும் மிகுதியாகக் கேட்கும். வெளிச்சத்திற்காகக் கிளைகளைக் கழித்தார்கள். கழித்த இடத்தில் மண் காய்ந்தது. 2024 கோடையின் வெப்பத்தில் இடுக்கி மாவட்டத்தின் ஏலத் தோட்டங்கள் பெருமளவில் கருகின. எங்கள் வீட்டாரின் தோட்டத்திலும் மேற்குச் சரிவில், நிழல் குறைத்த பகுதி, தட்டையோடு காய்ந்து போயிற்று. பலா அடர்ந்த கிழக்குச் சரிவு வாடியதே தவிர அழியவில்லை. ஒரு தோட்டத்தின் அனுபவத்தைக் கொண்டு பொதுவிதி கூறலாகாது. எனினும், ஒரே வேலிக்குள் இரண்டு சரிவுகளையும் அடுத்தடுத்துக் கண்ட எனக்கு, நிழற் கட்சியின் பக்கமே மனம் சாய்ந்தது.

இனிப் பணத்தைப் பற்றி. தமிழில் ஏலம் என்னும் சொல் இரண்டு பொருள் தருகிறது. மணப்பொருளாகிய ஏலம் நமக்குப் பழமையானது. விலைகூறி விற்கும் ஏலம் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டு ஏலமும் ஒன்றாகும் இடங்கள் போடிநாயக்கனூரும், கம்பம்மெட்டிலிருந்து அருகிலேயே உள்ள புத்தடியும். நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் மின்னணு ஏலம் அங்கே நடக்கிறது. 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஏலக்காய் வாரியம், 1987இல் நறுமணப் பொருள் வாரியத்துடன் இணைக்கப்பட்டது. ஒவ்வொரு குவியலின் மாதிரியும் தட்டில் வைத்து வணிகர் முன் சுற்றி வரும். அவர் விரலால் நசுக்கி, மோந்து, கணினிப் பொத்தானை அழுத்துவார். சில நொடிகளில் ஒரு குடும்பத்தின் ஒரு பருவம் விலைப்படும்.

அவ்விலை எவ்வாறு ஆடும் என்பதற்கு ஒரு சான்று போதும். 2018 ஆகஸ்டில் கேரளத்தைத் தாக்கிய வெள்ளமும் நிலச்சரிவும் தோட்டங்களைச் சிதைத்தன; அடுத்து வந்த கோடை காய்ந்தது. சரக்கு இல்லை. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஒரு கிலோவிற்கு 7,000 ரூபாய் வரை கேள்வி எழுந்தது. அது மிகச் சிறந்த குவியலுக்குக் கிடைத்த உச்ச விலை. அன்றைய சராசரி அதனினும் குறைவு. ஆனால் நாளிதழ்களில் வந்தது உச்ச விலையே. அதனை நம்பி, கடன் வாங்கிப் புதிதாக நட்டவர் பலர். ஏலம் நட்டுக் காய்க்க இரண்டு மூன்று ஆண்டு ஆகும். அவர்கள் செடி காய்த்தபோது, 2022இல், விலை ஆயிரம் ரூபாய்க்கும் கீழே இறங்கியிருந்தது. 2024இல் மீண்டும் இரண்டாயிரத்தைத் தாண்டியது. அவ்வாண்டுதான் கோடையில் செடி கருகிற்று. உலகச் சந்தையில் நமக்குப் போட்டி குவாத்தமாலா நாடு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியத் தோட்டக்காரர் ஒருவர் நம் பக்கத்துச் செடியை அங்கே கொண்டு சென்று நட்டார்; இன்று அந்நாடே மிகப் பெரிய ஏற்றுமதியாளர். அங்கே விளைச்சல் குறைந்தாலும் கூடினாலும் புத்தடியின் தட்டில் அதன் எதிரொலி கேட்கும்.

அப்படியாயின், விலை குறைந்த ஆண்டில் சரக்கை வைத்திருந்து பிறகு விற்கலாகாதோ என்று என் கணவர் வினவினார். ஓரளவே இயலும். ஈரம் பத்து விழுக்காட்டிற்கு மேற்படாமல் உலர்த்தி, கருநிறப் பாலித்தீன் உறையிட்ட சாக்கில், வெளிச்சம் படாமல் வைத்தால் சில மாதங்கள் பச்சை நிறம் நிற்கும். பின்னர் வெளுக்கத் தொடங்கும். வெளுத்தால் தரம் இறங்கும். அந்தச் சில மாதங்களை வாங்கித் தருவதே கிடங்கு இரசீதுக் கடன். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்ற கிடங்கில் சரக்கை ஒப்படைத்துப் பெறும் இரசீதை வங்கியில் ஈடு வைத்துப் பணம் பெறலாம். பொங்கல் செலவுக்காகச் சரக்கை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடும் நிலை தவிரும். நீர் பாய்ச்சுவதற்கும் உரத்திற்கும் கூலிக்கும் 1998இல் அறிமுகமான கிசான் கடன் அட்டை உதவும். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: கடனின் தவணை, உச்ச விலையைக் கொண்டு கணக்கிடப்படலாகாது. தம் குடும்பத்தில் பாட்டனார் காலத்திலிருந்து ஒரு வழக்கம் இருப்பதாக வீட்டுக்கார அம்மையார் கூறினார். கடந்த பத்துப் பருவத்தில் மிகக் குறைந்த விலை எதுவோ, அந்த விலைக்கு இவ்வாண்டு விற்றாலும் தவணை கட்ட முடியுமா என்று பார்த்தே கையெழுத்திடுவார்களாம். கூட வந்தது வைப்புத்தொகைக்குச் செல்லும். 2019இன் பணத்தில்தான் படுதாக் குளம் வெட்டப்பட்டது. 2024இல் கிழக்குச் சரிவைக் காத்ததில் பலாவுக்குப் பாதி, அந்தக் குளத்திற்குப் பாதி.

அவர்கள் வீட்டில் இப்போது வேறொரு கணக்கு ஓடுகிறது. அடுத்த ஊரில் பிறருடைய காயை வாடகைக்கு உலர்த்திக் கொடுக்கும் நவீன உலர்த்திகள் வந்துவிட்டன. வெப்பமானியும் விசிறியும் பொருத்தியவை. இரவுக் காவல் வேண்டியதில்லை. விறகும் ஆளும் விலையேறிவிட்ட நிலையில், ஸ்டோரில் அடுப்பு மூட்டுவது நட்டம் என்கிறார் அம்மையாரின் மகன். அதனை மூன்று அறைகளாகத் தடுத்து விருந்தினருக்கு விடலாம் என்பது அவர் திட்டம். கடனுக்கு விண்ணப்பமும் எழுதி வைத்திருக்கிறார். அம்மையாருக்கு மனமில்லை. அவர் என் தாயாரிடமே கேட்டார்: “நீங்கள் சொல்லுங்கள் அக்கா, அந்தக் காலத்துக் காய் இதைவிட நன்றாக இருந்ததா?”

அம்மா சிறிது நேரம் எண்ணிப் பார்த்தார். காய் நன்றாக இருந்ததும் உண்டு, அடுப்புக்காரர் தூங்கிப்போய் ஒரு தட்டு முழுவதும் வெளுத்ததும் உண்டு என்றார். புது உலர்த்தியில் உலர்ந்த காயைக் கொண்டு வரச் சொல்லி, நசுக்கி, மோந்து பார்த்து, குறையில்லை என்று நேர்மையாகவே தீர்ப்புச் சொன்னார். பின்பு, “அறையாக்குவதென்றால் அந்த வெளிக்குழாயை மட்டும் எடுத்துவிடாதீர்கள், வேலை முடிந்து பெண்கள் கை கழுவ வேறு இடமில்லை” என்றார். காய் எடுப்பவர் கையில் கறை ஏறும். அது எளிதில் போகாது. அந்தத் தேவை இன்றைக்கும் இருக்கிறது: பறிப்புக் காலத்தில் தேனி மாவட்டத்திலிருந்து ஜீப்புகள் நாள்தோறும் ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன.

செல்ல விரும்பும் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள். அறையை முன்கூட்டியே பேசி உறுதி செய்க. வேலை நடக்கும் தோட்டங்கள் இவை, வந்து நின்றால் கதவு திறக்கும் விடுதிகள் அல்ல. சித்ரா பௌர்ணமியை ஒட்டிய நாள்களைத் தவிர்ப்பது நலம். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் திறக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குச் செல்வோரால் குமுளிப் பக்கம் நெரிசல் மிகும். அட்டைப் பூச்சிக்கு அஞ்சுவோருக்கும் இளவேனிலே ஏற்றது. ஆனி பிறந்து மழை இறங்கிவிட்டால் அட்டைகளின் ஆட்சி. முழுக்கால் சட்டை, பிடிப்புள்ள காலணி, மாலைக் குளிருக்கு ஒரு கம்பளி போதும். தரையில் கிடக்கும் சரத்தை மிதித்துவிடாமல் நடக்கக் குழந்தைகளுக்குக் கற்பித்து அழைத்துச் செல்லுங்கள். ஒரு சரத்தை மிதிப்பது ஒரு பருவக் காயை மிதிப்பதாகும். பயிரின் அறிவியலை மேலும் அறிய விரும்புவோருக்குப் பாம்பாடும்பாறையில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையமும், மயிலாடும்பாறையில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. இரண்டும் உடும்பன்சோலை வட்டத்திலேயே. முன் அனுமதி பெற்றுச் செல்க. திரும்பும் வழியில் சாவடியருகே ஏலக்காய் வாங்க எண்ணுவோர், மேலே கூறிய கனச் சோதனையை மறவற்க. பளபளக்கும் கரும்பச்சை நிறம் சில வேளை சாயமாகவும் இருக்கும்.

புறப்படும்போது முன்வாசற்படியில் எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொண்டோம். ஸ்டோரில் இவ்வாண்டு அடுப்பு மூட்டுவதா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆவணிப் பறிப்புக்குள் தெரிந்துவிடும், தெரிவிக்கிறோம் என்றார் அம்மையார். அம்மா தம் கைப்பேசி எண்ணைச் சொல்ல, கணக்கறையிலிருந்த பேரேட்டில் அதனை அவர் குறித்துக்கொண்டார்.